கொடி மாறும், கோப்பு?

ஆட்சியுரிமை கைமாறும்போது அரசு அலுவலகங்களில் என்ன மாறும் என்று கேட்டு வந்தவற்றில் சில. பெரும்பாலும் சாகோஸ் பற்றியவை: 1965-இல் மொரீசியஸிலிருந்து பிரிட்டன் பிரித்தெடுத்து, பிறகு திருப்பித் தர ஒப்பந்தம் போட்ட இந்தியப் பெருங்கடல் தீவுக்கூட்டம் அது.

சாகோஸ் வந்தால் அரசமைப்பைத் திருத்த வேண்டுமா? – ரோஸ்ஹில் வாசகர்

எல்லையைப் பொறுத்தவரை வேண்டாம். 'மொரீசியஸ்' என்பதற்கு அந்நாட்டு அரசமைப்பின் 111-ஆம் பிரிவு தரும் விளக்கத்திலேயே, ராணுவத் தளம் உள்ள பெரிய தீவான டியேகோ கார்சியா உட்பட சாகோஸ் இருக்கிறது. வேலை அதற்குக் கீழே. அங்கே பிறப்பைப் பதிவது யார், மீன்பிடி உரிமம் தருவது யார், வந்திறங்குபவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது யார்? அதிகாரியை நியமித்து கெஜட்டில் போடாவிட்டால், முதல் வழக்கிலேயே 'இவருக்கு ஏது அதிகாரம்?' என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். 2025 மே 22-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி டியேகோ கார்சியாவில் 99 ஆண்டுகளுக்குப் பல அதிகாரங்களைப் பிரிட்டன் செலுத்தும். எந்த அதிகாரம் யாருடையது என்று அந்தத் தீவுக்குத் தனிப் பட்டியலே போட்டுவிடலாம்.

அம்மா 1958-இல் சாகோஸின் பெரோஸ் பான்யோஸில் பிறந்தவர். அவர் மொரீசியஸ்காரர்தானே?

பெரும்பாலும் ஆம். 1965 நவம்பர் 8-க்கு முன்பு வரை மொரீசியஸ் காலனியோடு இருந்து, பிறகு பிரிக்கப்பட்ட தீவுகளில் பிறந்தவர்களை மொரீசியஸில் பிறந்தவர்களாகவே அரசமைப்பின் 20-ஆம் பிரிவு கொள்கிறது. பெற்றோரில் ஒருவர் சீஷெல்ஸில் பிறந்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அதனால் உங்கள் பாட்டி, தாத்தா பிறந்த இடத்துக்கும் சான்று தேடி வையுங்கள். பெயரின் எழுத்து பதிவுக்குப் பதிவு மாறியிருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

ஆட்சி மாறினால் அரசு ஊழியரின் பென்ஷன் அறுந்துபோகுமா?

ஆட்சியால் அறுவதைவிட ஒரு தாளால் அறுவதுதான் அதிகம். நீட்டும் தாளில் 'மாற்றம்' என்றிருக்கிறதா, 'ராஜினாமா, புது நியமனம்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரே ஒரு நாள் விடுபட்டாலும் பணித்தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும். சர்வீஸ் புத்தகம், கடைசிச் சம்பளச் சான்று, லீவுக் கணக்கு மூன்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல் கைமாறும் நாளுக்கு முன்பே உங்களிடம் இருக்கட்டும். பென்ஷன் உரிமைக்கு அரசமைப்பில் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஏட்டில் ஏறாத பணிக்காலத்தை அது காப்பாற்றாது.

பழைய ரப்பர் ஸ்டாம்பு, படிவங்கள்?

விண்ணப்பப் படிவங்களில் தலைப்பை அடித்து மேலே முத்திரையிட்டு, தீரும்வரை ஓட்டலாம். வரிசை எண்ணுள்ள ரசீது, உரிமம், பிடிவாரண்டு ஆகியவற்றில் கூடாது. கையிருப்பை எண்ணி, கடைசியாகப் பயன்பட்ட எண்ணை எழுதி மூடிவிடுங்கள். பழைய முத்திரையை ஏட்டில் ஒருமுறை குத்தி, இருவர் கையெழுத்திட்டு, அன்றே அழித்துவிடுங்கள். ஆள் மாறாவிட்டாலும் இது வேண்டும்: 1992 மார்ச் 12-இல் மொரீசியஸ் குடியரசானபோது, கடைசி கவர்னர் ஜெனரல் வீராசாமி ரிங்காடுவேதான் முதல் ஜனாதிபதி. கை அதே, பதவி வேறு.

நள்ளிரவில் கைமாறும் என்றால் எந்த நள்ளிரவு?

மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் நள்ளிரவு 12 மணி என்றால் டியேகோ கார்சியாவில் அதிகாலை 2. லண்டனில் முந்தைய நாள் இரவு 8, கோடையில் 9. ஆணையில் தேதியை மட்டும் எழுதினால், இடைப்பட்ட நேரத்தில் நடந்த பிறப்பும் கைதும் எந்தச் சட்டத்தின் கீழ் என்ற வழக்கு வரும். தேதியோடு மணியையும் 'போர்ட் லூயி நேரப்படி' என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.