விஸ்காம் இல்லாத கல்லூரியில் வீடியோ தயாரிப்பு கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து தினமும் காரைக்குடி போய் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனசெல்லாம் ஆவணப்படம் எடுப்பதில்தான். எங்கள் கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்) கிடையாது. பி.காமை விட்டுவிட்டுச் சென்னையில் விஸ்காம் சேரட்டுமா? "படிப்பை மட்டும் பாதியில் விடாதே, கேமரா வேண்டுமானால் 80,000 ரூபாய் வரை தருகிறேன்" என்கிறார்கள் அப்பச்சி (அப்பா). என்ன செய்வது? (ஒரு வாசகி)

பதில்: பி.காமை விட வேண்டாம். அப்பச்சி சொல்வதில் அந்தப் பாதி சரி. மற்றப் பாதியில் எனக்கு உடன்பாடில்லை, கேமரா இப்போது வேண்டாம்.

புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய முதுநிலைப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், நுழைவுத் தேர்வு எழுதலாம். இதழியல், மக்கள் தொடர்பியல் முதுகலையிலும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் என்ன படித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. ஆக, கதவு எதுவும் மூடிவிடவில்லை. ஒரு படத்துக்கு பட்ஜெட் போடவும் ரசீதுகளை ஒழுங்காக வைக்கவும் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. அதைத்தான் நீங்கள் இப்போது வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விஸ்காம் துறையில் என்ன கிடைக்கும்? கேமரா கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று கேமராவை ஒரு வகுப்பே பங்கு போட்டுக்கொள்ளும் இடங்கள்தான் அதிகம். அங்கே உண்மையில் கிடைப்பது வேறு: இந்தத் தேதிக்குள் முடி என்று சொல்லும் ஆசிரியர், கூட வேலை செய்ய நான்கு பேர், முடித்ததைப் பார்த்து "இங்கே எனக்குச் சலிப்பு தட்டியது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆட்கள். இந்த மூன்றையும் உங்கள் கல்லூரியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். எந்தத் துறையானாலும் சரி, ஆர்வமுள்ள நான்கு பேரைச் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று, மூன்று நிமிடத்துக்குள் ஒரு படம். இயக்கம், கேமரா, ஒலி, எடிட்டிங் என்று நான்கு வேலையும் சுற்றில் மாறி வர வேண்டும். ஒருவரே எப்போதும் கேமரா பிடித்தால் மற்ற மூவரும் வேடிக்கைதான் பார்ப்பார்கள். என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டு விழா, துறை விழா எதுவானாலும் போய்க் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

எதைப் படம் பிடிப்பது என்று தேடி அலைய வேண்டிய ஊர் இல்லை உங்களுடையது. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, நிறச் சிமென்ட் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். படம் எடுக்கப் போகிற எல்லோரும் அந்த ஊற்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். கதையே அதற்கப்புறம்தான் இருக்கிறது. அச்சைத் தூக்கியதும் மேலே காய்ந்த சிமென்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். அவ்வளவு அழகான பூவும் சாம்பல் நிறத்துக்கு அடியில் காணாமல் போய்விடும். தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடி பிரிந்த பிறகுதான் பளபளப்போடு திரும்பி வரும். அந்தப் பூ மறைவதையும் வெளிவருவதையும் இரண்டையும் எடுக்க, இன்னொரு நாளும் போக வேண்டும்.

அங்கே ஐந்து ஷாட் எடுத்துப் பழகுங்கள். ஊற்றும் கை மட்டும், நெருக்கத்தில். அந்தக் கையைப் பார்க்கும் முகம். கையும் முகமும் சேர்ந்து. தோளுக்குப் பின்னாலிருந்து அவர் காண்பது. கடைசியாகப் பட்டறை முழுவதும். ஒவ்வொன்றும் பத்து விநாடி, ஆட்டாமல், ஜூம் போடாமல். இந்த ஐந்தும் கையில் இருந்தால் எடிட்டிங் மேஜையில் முழி பிதுங்காது.

இதற்கு போன் போதும். ஆனால் கேமரா செட்டிங்கை ஆட்டோவில் விடாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் துடிக்காது. போனோடு வரும் செயலி இதற்கு இடம் தரவில்லை என்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒலி பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மாணவர் படங்களை நான் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் ஒலியால்தான். வளவு வீட்டில் (முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடு) ஓர் ஆச்சியைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், டைல்ஸ் தரை, உயரமான கூரை. கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வரும், என்ன பேசினார்கள் என்றே பிடிபடாது. பட்டாலை (கூடம்) நடுவில் உட்கார வைக்காமல், துணிமணி இருக்கும் சின்ன அறையைத் தேடுங்கள். பட்டாலைதான் வேண்டும் என்றால் தரையில் ஜமக்காளம் விரியுங்கள், கேமராவுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு கனமான போர்வை தொங்கவிடுங்கள். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, சேலை உரசாத இடத்தில் குத்துங்கள். மின்விசிறி, பிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிட்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கூட ஒருவர் இயர்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பதிவாகும் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும்.

வெளிச்சத்துக்கு ஒரே விஷயம்தான். ஆச்சியின் முகம் முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும், முதுகு அல்ல. முற்றத்து வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் கரிக்கட்டை ஆகிவிடும்.

உங்கள் பக்கத்து ஊர் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகமெல்லாம் சுற்றி, பலர் பல காலத்தில் எடுத்த சுருள்களைச் சுமார் 50,000 அடி திரட்டினார். 1940இல் வெளியான படம் சுமார் 12,000 அடி. 35 எம்.எம். ஒலிப்படத்தின் வேகத்தில் கணக்குப் போட்டால், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சுருக்கியிருக்கிறார். எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் எடிட்டிங். அதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம், கணினியில் 16 ஜி.பி. ரேம் இருந்தால் நல்லது. பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். முடித்த படத்தை ஒருமுறை ஒலி இல்லாமல் பாருங்கள், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தடுக்குகிற இடம் தானாகத் தெரியும்.

முகூர்த்த மாதங்களில் நல்ல கல்யாண வீடியோ குழு ஒன்றில் உதவியாளாகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். லைட் பிடிக்கச் சொல்வார்கள், மெமரி கார்டை நகல் எடுக்கச் சொல்வார்கள். செய்யுங்கள். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் இரண்டாவது டேக் கிடையாது. அந்த நெரிசலில் எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கும் பழக்கத்தை வகுப்பறை தராது. நகல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள், இரண்டு இடத்தில் ஏறாமல் எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது.

அப்புறம் அனுமதி. பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். காவல்காரர் தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பின்னணிக்குச் சினிமாப் பாட்டும் வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும்.

இனி அந்த 80,000. மைக், ஒரு நல்ல முக்காலி, இரண்டு ஹார்டு டிஸ்க் இப்போது வாங்குங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. போய்விடும், அதனால் டிஸ்க் ஆடம்பரம் இல்லை. லேப்டாப் ரேமைக் கூட்ட வேண்டியிருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். மீதியை டிகிரி முடியும்வரை பாங்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள் அப்பச்சியிடம். இடையில் ஏதாவது படத்துக்குப் பெரிய கேமரா தேவைப்பட்டால் அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். இப்படி இரண்டு மூன்று கேமராவைக் கையாண்டு பார்த்த பிறகு எதை வாங்குவது என்று கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்காது.