வெள்ளிக்கிழமை ராகு காலம்

அன்புள்ள ஐயா,

‘அக்காலத்தில் நாளை எப்படிப் பிரித்தார்கள்’ என்று மகளுக்குப் பள்ளியில் கட்டுரை. நாழிகை, கிறிஸ்தவத் துறவிகளின் ஜெப வேளை எல்லாம் எழுத வேண்டுமாம். செய்துகாட்டவும் ஏதாவது வேண்டும். இன்னொன்று: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை ராகு காலம் என்று 10.30க்குள் அபிஷேகத்தை முடித்துவிடுகிறார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனவர்களால் வர முடிவதில்லை.

வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சகோதரி,

ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், ஏழரை நாழிகை ஒரு ஜாமம். செய்துகாட்ட நாழிகை வட்டில் இருக்கிறது. மூடி வெட்டிய காலிப் பால் டின்னின் அடியில் மெல்லிய ஆணியால் துளையிட்டு வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். சாய்ந்தால் துளையை மறைக்காமல் இரண்டு கூழாங்கல் போடுங்கள். 24 நிமிடத்தில் மூழ்க வேண்டும். தாமதமானால் ஆணியை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். சீக்கிரம் மூழ்கினால் வேறு டின்தான். தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள், தூசி அடைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

துறவிகளுக்கு இரண்டு வரி போதும். ரோமானியர் பகல் நீண்டாலும் குறுகினாலும் அதை 12 மணியாகவே பிரித்தார்கள். ரோமில் அந்த ஒரு மணி குளிர்காலத்தில் முக்கால் மணி நேரம், கோடையில் ஒன்றேகால். அதன் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகளில் துறவிகள் ஜெபித்தார்கள்.

ராகு காலத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. படித்தவர்கள் நிறைந்த கோயில் கமிட்டியில் ஒருவருக்குக்கூடவா வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை? சூரியன் எழுவதிலிருந்து அடைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால், வெள்ளியன்று நான்காம் பங்கு ராகு காலம். 10.30 முதல் 12 என்பது காலை 6 மணிக்குச் சூரியன் எழும் ஊரின் கணக்கு. சுங்கை சிப்புட்டில் என்றைக்கு 6 மணிக்கு விடிந்தது? அங்கே உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7க்கும் 7.30க்கும் நடுவில். நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதில் அரை மணி நேரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி முன்னே தள்ளி வைத்தது.

7.15க்கு உதயம், 7.20க்கு அஸ்தமனம் என்று வையுங்கள். பகல் 12 மணி 5 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். மூன்று பங்கு கழிந்து நான்காவது தொடங்கும்போது 11.45. உச்சிக்காலப் பூஜையும் இப்படித்தான். 12 மணிக்கு மணி அடிக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஒன்றேகாலை ஒட்டித்தான் கேட்கும். சூரியன் உச்சி சாய்ந்த பிறகே அந்தத் தொழுகை என்பதால் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் கணித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கென்று கணித்த பஞ்சாங்கம் நம்மிடமும் கிடைக்கிறது, வாங்குவதுதான் இல்லை.

பால்வெட்டுகூடச் சூரியனைப் பார்த்து வைத்த வேலைதான். வெயில் ஏறினால் இலை நீரை இழந்து பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் ஓடாது. அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. அவர்களை விட்டுவிட்டு அவசரமாக அபிஷேகம் செய்ய எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை, அம்மா. அன்றைய உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒரு தாளில் எழுதி, வகுத்துக் காட்டிக் கமிட்டியிடம் கொடுங்கள். 11 மணிக்கு ஆரம்பித்தாலும் முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்கள் குளித்துவிட்டே கோயிலுக்கு வரலாம்.