நியூரோ எடுத்தால் காசு வராதா?

கேள்வி: பொது மருத்துவம் எம்.டி. இறுதியாண்டு படிக்கிறேன். நரம்பியலில்தான் ஆசை. "ரேங்க் வந்தால் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ எடு, நியூரோவில் காசு வராது" என்கிறார்கள் சீனியர்கள். கல்விக் கடனும் இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. இதய மருத்துவருக்கு ஆஞ்சியோ, ஸ்டென்ட். குடல் மருத்துவருக்கு எண்டோஸ்கோப்பி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நரம்பியலில் வருவது பெரும்பாலும் ஆலோசனைக் கட்டணம்தான். வலிப்பு வந்ததை நேரில் பார்த்தவரை விசாரித்து, தசை வலு, அனிச்சை, நடை எல்லாம் சோதிக்க, புது நோயாளிக்கு அரை மணி நேரமாவது வேண்டும். அதைப் பத்து நிமிடமாக்கினால், வெறும் மயக்கம் போட்டு விழுந்தவர் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுவார்.

மறுபாதி, பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அளவு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். சி.டி.யில் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்து முடிவெடுக்க இரவு இரண்டு மணிக்கும் ஆள் வேண்டும். தனியார் மருத்துவமனைகள் நரம்பியல் மருத்துவரைத் தேடுவதற்கு இது பெரிய காரணம். டி.எம். (எம்.டி.க்குப் பிறகான உயர் சிறப்புப் படிப்பு) முடித்து, ரத்தக் குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் பயிற்சியும் பெற்றால் வருமானம் இன்னும் கூடும், தூக்கம் குறையும்.

ஆசையையும் சோதித்துப் பாருங்கள். நோய் மூளைத்தண்டிலா, தண்டுவடத்திலா என்று கண்டுபிடிக்கும் சுவாரசியம்தான் மாணவர்களை இழுக்கிறது. ஆனால் தினசரி ஓ.பி.யில் வருவது தலைவலி, வலிப்பு மறுவருகை, சர்க்கரை நோயால் கால் எரிச்சல், பார்க்கின்சன். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் வந்தவரின் குடும்பத்திடம், குணமாக்கும் மருந்து இல்லை, ரிலுசோல் சில மாதங்களைத்தான் கூட்டும் என்று சொல்லியாக வேண்டும். அதன் பிறகும் மூச்சு, விழுங்குதல், சக்கர நாற்காலி என்று அவர்களோடு கடைசிவரை இருக்க வேண்டும். மறுவருகை நாட்களில் சில வாரம் உட்கார்ந்து பாருங்கள். அங்கே சலிப்புத் தட்டினால் நியூரோ வேண்டாம், ரேங்க் எதுவாக இருந்தாலும்.

கடனுக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, ஆக பதினொன்றரை ஆண்டுகள். கடைசி மூன்றாண்டு உதவித்தொகையில் மாதத் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். கலந்தாய்வில் இடத்தை உறுதி செய்யும் முன், எத்தனை ஆண்டு கட்டாயப் பணி, இடையில் விலகினால் எவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். அரசுப் பணியில் இருந்தால், தமிழக அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீத ஒதுக்கீட்டையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: டி.எம். முடித்து சொந்த ஊரில் கிளினிக் தொடங்குகிறேன். முதலில் எந்த இயந்திரம் வாங்கலாம்? (வாசகர், தேனி)

பதில்: ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இயந்திரம். மாவட்டத் தலைநகரங்களில் வலிப்பு நோயாளிகள் நிறைய வருவார்கள். இயந்திரத்தைவிட முக்கியம் டெக்னீஷியன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்லாவிட்டால் எலக்ட்ரோடு ஒட்டாது. குறைந்தது 20 நிமிடப் பதிவும், முடிந்தவர்களுக்கு 3 நிமிட ஆழ்மூச்சும் வேண்டும்.

நரம்பில் மின் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை அடுத்தது. ஏ.சி. அறையில் கை குளிர்ந்து 32 டிகிரிக்குக் கீழே போனால் கடத்தும் வேகம் குறைந்து, இல்லாத மணிக்கட்டு நரம்பு அழுத்தம் இருப்பதுபோல் தெரியும். கையை வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கடனில் மட்டும் வாங்காதீர்கள். தவணை நெருங்கும்போது சாதாரணத் தலைவலிக்கும் ஈ.ஈ.ஜி. எழுதத் தோன்றும், அதனால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. முதல் வருடம் இயந்திரம் உள்ள மருத்துவமனையில் பகுதி நேரமாகப் பாருங்கள். மாதம் எத்தனை சோதனை உண்மையிலேயே தேவைப்பட்டது என்று குறித்து வைத்து, அந்த எண்ணிக்கையில் விலையை எத்தனை ஆண்டில் எடுக்கலாம் என்று பார்த்து வாங்குங்கள்.