கொரோனா ஆரம்பத்துல டெஸ்ட் எடுக்கவும் தனிமையில இருக்கவும் சென்னை மக்கள் ஏன் அவ்ளோ பயந்தாங்க? உங்க அனுபவம் என்ன?

2020ல நான் பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு மெடிக்கல் ஷாப்ல கவுண்டர்ல நின்னவன், வீடும் அங்கயே ரெண்டு தெரு தள்ளி. லாக்டவுன்ல ஊரே மூடினாலும் மெடிக்கலுக்கு லீவு கிடையாதுங்கறதால அந்த நாலு மாசமும் யாரு இருமுறாங்க யாரு மறைக்கறாங்கன்னு நேர்லயே பார்த்துட்டேன். கேட்டதுக்கு நேரா சொல்லணும்னா, மூக்குல குச்சி விடறதுக்கெல்லாம் யாரும் பயப்படலைங்க. பாதி பேருக்கு வியாதி மேலயே பெருசா பயம் கிடையாது. ஒருத்தருக்கு பாசிட்டிவ்னா தெருவையே மூடி முனையில அடிக்கற தகரத்துக்குத் தான் பயம்.

ஆனா ஆரம்பத்துல கதை அப்படியே தலைகீழ். மார்ச் 7 தமிழ்நாட்டுல முதல் கேஸ், ஓமன்ல இருந்து வந்த காஞ்சிபுரம்காரர், ராஜீவ் காந்தி ஜிஎச்ல சேர்த்திருக்காங்கன்னு நியூஸ் வந்தப்ப எங்க கடைக்கு வந்தவங்க கேட்டது என்ன தெரியுமா, "தம்பி, இந்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்க, நானும் ஒண்ணு எடுத்துப் பார்த்துடறேன்". சுகர் டெஸ்ட் மாதிரி நெனச்சிட்டாங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல தான் பார்க்கறாங்க, வெளிநாடு போய்ட்டு வந்திருக்கணும், இல்ல நோய் வந்தவரோட நெருங்கிப் பழகியிருக்கணும், சும்மா போனா எடுக்க மாட்டாங்க, அது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஐசிஎம்ஆர் ரூல்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிடுச்சு. அப்ப டெஸ்ட்னா ஒரு கெத்து. கேட்டவனுக்குக் கிடைக்காத பொருள் இல்லையா!

தனிமைன்னா என்னன்னே அப்ப யாருக்கும் புரியல. எங்க ஏரியாவுல குருவிங்க நிறைய, அதாவது சிங்கப்பூர் மலேசியா போய் சரக்கு தூக்கிட்டு வர்றவங்க. அதுல ஒருத்தர் எங்க ரெகுலர் கஸ்டமர், மார்ச் நடுவுல கோலாலம்பூர்ல இருந்து வந்தாரு. ஏர்போர்ட்ல 14 நாள் வீட்டை விட்டு வெளிய வராதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மூணாம் நாள் கவுண்டர் முன்னாடி நிக்கறாரு. "ணா, நீங்க வீட்ல தானே இருக்கணும்"னு கேட்டா, "வீட்ல தாம்பா இருக்கேன், இதோ விக்ஸ் வாங்கத் தான் வந்தேன்". அடுத்த நாள் பால் வாங்கத் தான் வந்தாரு. அதுக்கு அடுத்த நாள் பையனுக்கு கிரேயான்ஸ். அவரு பார்வையில மூணு நாளும் வீட்ல தான் இருந்தாரு. அவரைத் திட்டவும் முடியலங்க, பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேரு, அதுல எந்த மூலையில போய் தனியா இருப்பாரு?

மார்ச் கடைசியில மாநகராட்சி வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சதும் தான் மூஞ்சியெல்லாம் மாறுச்சு. இந்த வீடு தனிமைப்படுத்தப்பட்டிருக்கு, உள்ள வராதீங்கங்கற மாதிரி. ஆழ்வார்பேட்டையில கமல்ஹாசனோட பழைய வீட்ல தப்பா ஒட்டிட்டு அப்புறம் கிழிச்சாங்களே, அன்னிக்கு பூரா கடையில அதே பேச்சு தான். "கமல் வீட்டுக்கே ஒட்டிட்டாங்கன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்"னு ஒரு பெரியவர் சிரிச்சிட்டே தான் சொன்னாரு, ஆனா அன்னிக்கு அவரு இருமல் டானிக் வாங்க வந்தவரு, வாங்காமயே போய்ட்டாரு.

ஏப்ரல் மோசம். டெல்லியில நடந்த தப்லீக் ஜமாஅத்ங்கற முஸ்லிம் அமைப்போட மாநாட்டுக்குப் போனவங்க தாங்களா வந்து டெஸ்ட் எடுத்துக்கங்கன்னு அரசாங்கம் கேட்டுச்சு, நிறைய பேர் வரவும் செஞ்சாங்க, ஆனா வாட்ஸப்புல அது வேற மாதிரி பரவி, டெல்லி பக்கமே தலை வெச்சுப் படுக்காத பாய்ங்க கடையில கூட சனங்க சாமான் வாங்கறதை நிறுத்திட்டாங்க. எங்க ஏரியாவுல பிப்ரவரியில ஆரம்பிச்ச சிஏஏ போராட்டம், அதாவது குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டம், மார்ச்சுல கொரோனாவால தான் நின்னிருந்தது. அந்தச் சூட்டுல வீடு வீடா நோட்டு எடுத்துட்டு வந்து எத்தனை பேரு, யாருக்குக் காய்ச்சல்னு கேட்டா, இது கொரோனா கணக்கா இல்ல அந்தக் குடியுரிமைக் கணக்கான்னு தெருவுல சில பேரு சந்தேகப்பட்டுக் கதவே தொறக்கல. வெளிய இருந்து பார்த்தா படிப்பறிவு இல்லாத கூட்டம்னு தோணும். பக்கத்துல இருந்து பார்த்தா அந்தச் சந்தேகத்துக்கு ஒரு ஞாயம் இருந்துச்சு.

அதே ஏப்ரல் 19, டாக்டர் சைமன் ஹெர்குலிஸ். ஊருக்கே வைத்தியம் பார்த்த நரம்பியல் சர்ஜன், கொரோனாவுல இறந்துட்டாரு, அவரை அண்ணா நகர் வேலங்காடு மயானத்துல புதைக்கப் போனப்ப கூட்டம் கல்லால அடிச்சு விரட்டி, அப்புறம் கூட இருந்த டாக்டர் ராத்திரியில புதைச்சாரு. அடக்கம் பண்றதைத் தடுத்தா ஜெயில்னு ஒரு வாரத்துல அவசரச் சட்டம் வந்துச்சு, சரி. ஆனா டாக்டருக்கே ஆறடி மண்ணு தரலன்னா டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்தா என் பொணம் எங்க போகும்னு ஒரு ஆட்டோக்கார அண்ணன் என்கிட்ட கேட்டாரு. நான் பதில் சொல்லல, மாத்திரையை மடிச்சுக் குடுத்தேன்.

தகரத்துக்கு வர்றேன். மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ல பரவினப்ப பக்கத்து சந்துல ஒரு மூட்டை தூக்கற பையனுக்கு பாசிட்டிவ். முதல்ல ஆம்புலன்ஸ், உடம்பு முழுக்க மூடற வெள்ளை பிபிஇ டிரெஸ் போட்டு ரெண்டு பேரு. அந்தப் பையன் லுங்கியோட, கையில ஒரு ஜவுளிக்கடை பை, தலையைக் குனிஞ்சுட்டு நடக்கறான், மாடியில இருந்து குறைஞ்சது பத்து போன்ல வீடியோ ஓடுது. அவன் ஜிஎச் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அந்த வீடியோ எனக்கே மூணு குரூப்ல வந்துடுச்சு. சாயங்காலம் சவுக்குக் கட்டை நட்டு தகரத்தை அடிச்சாங்க. அடிக்கற சத்தம் எங்க கடை வரைக்கும் கேட்டுச்சு. சந்துல இருந்த நாப்பது குடித்தனத்துக்கும் வேலை போச்சு, வீட்டு வேலைக்குப் போற அக்காங்களை முதலாளியம்மா போன்லயே நிறுத்திட்டாங்க, தண்ணி லாரி உள்ள வர முடியல. எல்லாரும் யாரைத் திட்டுவாங்க? கொரோனாவையா திட்டுவாங்க? அந்தப் பையனோட அம்மாவைத் தான். ரெண்டாவது நாளே தகரத்துக்கு அடியில ஒரு ஆளு கை போற அளவுக்கு வளைச்சு ஓட்டை போட்டுட்டாங்க, அது வழியா நான் சுகர் மாத்திரை குடுத்திருக்கேன், டீக்கடைக்காரர் பார்சல் டீ குடுப்பாரு, ராத்திரியில வேற சில பார்சலும் போச்சு, அது நமக்கு வேணாம்.

இதுக்கப்புறம் கவுண்டர்ல யாருக்குமே காய்ச்சல் கிடையாது. "உடம்பு வலிக்கு ஒரு டோலோ 650". "ஊர்ல இருக்கற மாமியாருக்கு". "சும்மா வீட்ல ஒரு ஸ்டிரிப் இருக்கட்டும்". ஒரே ஆளு நாலு நாள் தொடர்ச்சியா மாமியாருக்கு வாங்குவாரு, பஸ்ஸே ஓடாத நேரத்துல. எங்க ஓனர் ஒரு நோட்டுல பேரும் நம்பரும் எழுதச் சொன்னாரு, எழுதினேன், பாதி நம்பர்ல ஒன்பது இலக்கம் தான் இருந்துச்சு, தெரிஞ்சே தான் எழுதிக்கிட்டேன்.

ஜூன்ல எனக்கே வந்துச்சு. காலையில கடை தொறந்து சானிடைசர் கையில ஊத்தறேன், வாசனையே இல்ல. மட்டமான சரக்கு போலன்னு நெனச்சு டெட்டால் மூடியைத் தொறந்து மூக்குக்கிட்ட வெச்சேன், தண்ணி மாதிரி இருக்கு. வாசனை போறதையும் அறிகுறின்னு சுகாதாரத் துறை ஜூன் நடுவுல தான் லிஸ்ட்ல சேர்த்தாங்க, ஆனா கஸ்டமர்ங்க சொல்லி எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் என்ன பண்ணேன்? மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. மாஸ்க்கை டபுளா போட்டுட்டு வேலைக்குப் போனேன். ஊருக்கெல்லாம் அட்வைஸ் பண்ண நானே. ஏன்னா அப்ப டெஸ்ட் குடுத்தாலே, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே, வீட்டோட 14 நாள் உள்ள இருக்கணும்னு ரூல். பிரைவேட் லேப்ல 3,000 ரூபா, என் சம்பளம் பன்னெண்டாயிரம். அரசாங்க காய்ச்சல் முகாம்ல இலவசம், ஆனா அந்த முகாம் எங்க தெரு ஸ்கூல் வாசல்லயே, ஊரே பார்க்கும். நாலாம் நாள் பொண்ணுக்கு உடம்பு சுட்டப்ப தான் போனேன். ஸ்வாப் எடுக்கறது பத்து செகண்ட், கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ்ளோ தான்.

எனக்கு பாசிட்டிவ், வொய்ஃபுக்கும் பொண்ணுக்கும் நெகட்டிவ். நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸுங்கறதால வீட்ல இருக்க விடல, ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பொய் சொல்லக் கூடாது, அங்க சாப்பாடு வீட்டை விட நல்லா இருந்துச்சு, முட்டை, சுண்டல், காலையில கபசுரக் குடிநீர். கஷ்டமெல்லாம் வீட்ல இருந்தவங்களுக்குத் தான். ஹவுஸ் ஓனர் அம்மா கீழ இருந்தே சத்தமா, "உன் புருஷன் வந்ததும் வீட்டைக் காலி பண்ணிடுங்கம்மா, எனக்கும் வயசாச்சு"ன்னு சொல்லியிருக்காங்க. என் வொய்ஃப் போன்ல அழுதா. ஒரு அஞ்சு நாள் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு கால், அதே ஹவுஸ் ஓனர் அம்மா, குரலை ரொம்பத் தாழ்த்தி, "தம்பி, மூக்குல வாசனையே தெரியல, டெஸ்ட்டு கிஸ்ட்டு இல்லாம ஏதாவது மாத்திரை சொல்லுப்பா, யார்கிட்டயும் சொல்லிடாத". நான் டெஸ்ட் எடுங்கம்மான்னு சொன்னேன். எடுக்கல. ஜிங்க் மாத்திரையும் ஆக்சிஜன் பார்க்கற கருவியும் எங்க கடைப் பையன் கொண்டு போய்க் குடுத்தான். நல்லாயிட்டாங்க. வீடு காலி பண்ற பேச்சு அதோட நின்னுச்சு, நானும் கேக்கல, அவங்களும் சொல்லல.

அந்த ஆட்டோ அண்ணன் ஆகஸ்ட்ல பாதி ஆளா இளைச்சுப் போய் வந்தாரு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாள் இருந்தாராம். பிபி மாத்திரை வாங்கிட்டுப் போனாரு.

எங்க கதவுல ஒட்டின ஸ்டிக்கர் என்ன பண்ணியும் முழுசா வரல, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் பாதி அப்படியே நின்னுச்சு. ஹவுஸ் ஓனர் அம்மா பார்த்துட்டு, மறுநாள் மின்ட் பக்கம் போய் "என்னைப் பார் யோகம் வரும்"னு ஒரு கழுதைப் படம் வாங்கிட்டு வந்து சரியா அது மேலயே ஒட்டிட்டாங்க. இப்பவும் அங்க தான் இருக்கு.