காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளை மாறிப்போனாள்: வாசகர் கேள்வி பதில்

நிர்ப்பீடனத் தொகுதிக்கும் (கிருமிகளை எதிர்க்கும் உடம்பின் பாதுகாப்பு அமைப்பு) மனநோய்க்கும் என்ன தொடர்பு என்று பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டொக்டர், தங்கச்சிக்கு 21 வயது, கம்பஸில் இரண்டாம் வருடம். தலையிடியும் காய்ச்சலுமாக இருந்தாள், டெங்கு என்று பயந்து இரத்தம் பார்த்தோம், இல்லை. ஒரு கிழமையால் நித்திரை போய்விட்டது. யன்னலுக்கு வெளியே ஆரோ நின்று கதைப்பதாகச் சொன்னாள். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கு என்று கோப்பையைத் தட்டிவிட்டாள். அம்மா செய்வினை என்று நினைத்து நூல் கட்டுவித்தார். பிறகு வலிப்பு வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். முதுகில் தண்ணீர் எடுத்துப் பார்த்துவிட்டு, அவளுடைய உடம்பே மூளையைத் தாக்குகிறது, வயிற்றை ஸ்கான் பண்ண வேண்டும் என்கிறார்கள். தலையில் வந்த வருத்தத்துக்கு வயிற்றில் என்ன தேடுகிறார்கள்? (கோப்பாய் வாசகி)

பதில்: உங்கள் தங்கச்சியின் சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். டெரட்டோமா என்று ஒரு கட்டி இருக்கிறது. அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே முடி இருக்கும், பல் இருக்கும், சிலவற்றில் நரம்புத் திசுவும் இருக்கும். இருக்கக்கூடாத இடத்தில் நரம்புத் திசுவைக் கண்ட நிர்ப்பீடனத் தொகுதி அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை (அந்நியப் பொருளில் ஒட்டித் தாக்கும் புரதங்கள்) உண்டாக்க, அவை மூளைக்கும் போய் அங்குள்ள என்.எம்.டி.ஏ. வாங்கிகளில் (மூளைக் கலங்கள் செய்தி வாங்கும் புரதங்கள்) ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் மூளைக் கலங்கள் அந்த வாங்கிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடும். ஞாபகம், யோசனை, எது உண்மை எது கற்பனை என்று பிரித்தறிவது எல்லாவற்றுக்கும் இந்த வாங்கிகள் வேண்டும். அதனால்தான் முதலில் பயமும் சந்தேகமும் இல்லாத குரல்களும் வருகின்றன, பிறகு வலிப்பு, பிறகு பேச்சே நின்றுபோவது, வாய் சும்மா மென்றுகொண்டே இருப்பது, கை தன்பாட்டில் அசைவது, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறி இறங்குவது. எல்லாருக்கும் கட்டி இருக்காது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை, அப்போதும் சிகிச்சை உண்டு.

என்.எம்.டி.ஏ. வாங்கி மூளை அழற்சி என்ற இந்த வருத்தத்தை அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் டல்மாவ் குழுவினர் 12 பெண்களில் கண்டு விபரமாக எழுதியது 2007இல்தான். அதற்கு முந்திய காலத்தில் இப்படி வந்த பிள்ளைகள் எத்தனை பேர் மனநோய் வார்டுகளிலும், பேயோட்டும் இடங்களிலும் கிடந்து போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதறும்.

கட்டி இருந்தால் அதை எடுப்பார்கள். அதோடு நிர்ப்பீடனத் தாக்குதலை அடக்க ஸ்டீரொயிட், இம்யூனோகுளோபுலின் ஊசி, தேவைப்பட்டால் இரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றுவது, அதற்கும் சரிவராவிட்டால் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து. 2013இல் 577 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில், சிகிச்சை கிடைத்தவர்களில் ஐந்தில் நாலு பேர் இரண்டு வருடத்துக்குள் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். ஆனால் மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்கில். எழும்பி நடந்த பிறகும் ஞாபக மறதி, எரிச்சல், நித்திரைக் குழப்பம் கொஞ்சக் காலம் இருக்கும், உடனே பரீட்சைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். சிலருக்குத் திரும்பவும் வரலாம், அதனால் கிளினிக்கை விடக்கூடாது.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் என்று தொடங்கியது, நித்திரை என்று போனது, முதல் விசித்திரமான கதை என்ன, வாய் அசைவை எப்போது கண்டீர்கள், ஏதாவது குளிசை கொடுத்த பிறகு உடம்பு விறைத்ததா. மனநோய்க் குளிசைகளில் சிலது இந்த வருத்தக்காரருக்கு உடம்பை விறைக்கப்பண்ணும், அதனால் கடைசியாகக் கேட்டதை வைத்தியர் கட்டாயம் அறிய வேண்டும். அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். நூல் கையில் இருந்தால் இருக்கட்டும், ஸ்கான் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு மனச்சிதைவு நோய், பல வருடமாக மருந்து எடுக்கிறான். மனநோய் எல்லாம் நிர்ப்பீடனப் பிரச்சினைதான், குளிசை தேவையில்லை என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். நிப்பாட்டிவிட்டு ஸ்டீரொயிட் கேட்கலாமா? இன்னொன்று டொக்டர், எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு மூளை அழற்சி என்றதும் ஊரே பார்க்கப் போனது. என் மகனை விசரன் என்று சொல்லி ஒருவரும் படியேறுவதில்லை. (நெல்லியடி வாசகர்)

பதில்: ஐயா, குளிசையை நிப்பாட்ட வேண்டாம். ஸ்டீரொயிட் கேட்கவும் வேண்டாம், அதுவே சிலருக்கு மனக்குழப்பத்தைக் கொண்டுவரும்.

அந்த யூடியூப்காரர் ஒரு சின்ன உண்மையைப் பிடித்துப் பெரிதாக இழுத்திருக்கிறார். உண்மை என்னவென்றால், 2014இல் உலகளாவிய பெரிய மரபணு ஆய்வு ஒன்று மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 இடங்களைக் காட்டியது, அவற்றில் மிக வலுவாகத் தெரிந்தது நிர்ப்பீடன மரபணுக்கள் கூடியிருக்கும் ஆறாம் நிறமூர்த்தப் பகுதி. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்குள் சி4 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். கிருமியை அடையாளம் காட்ட உதவும் அந்தப் புரதம், மூளையில் தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழிப்பதிலும் பங்கெடுக்கிறது. வேலிக் கதியாலை வெட்டிவிடுவதுபோல் பதின்ம வயதில் எல்லாருடைய மூளையிலும் இந்தக் கழிப்பு நடக்கும். சிலரில் அது அளவுக்கு மிஞ்சிப் போகிறதோ என்பதுதான் சந்தேகம். டென்மார்க்கில் 2011இல் வந்த ஆய்வில், தன்னுடலைத் தானே தாக்கும் நோய் இருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு 29 வீதம் கூடியிருந்தது, கடும் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு 60 வீதம். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், நூறு பேரில் ஒருவருக்கும் குறைய வரும் நோயில் இது சின்ன ஏற்றம்தான். தொற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் வைத்து இன்றைக்கு உங்கள் மகனுக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய நிர்ப்பீடன மருந்து ஒன்றும் இல்லை. மனச்சோர்வில் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன்: மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியை 60 பேரை வைத்துப் பார்த்தார்கள், மொத்தத்தில் வெறும் ஊசியைவிட மேலாக இல்லை, இரத்தத்தில் அழற்சி கூட இருந்தவர்களில் மட்டும் பலன் கொடுக்கும் அறிகுறி தெரிந்தது. ஆக, எல்லாருக்கும் ஒரே காரணம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். மகனுக்கு முதன்முதல் வருத்தம் வந்தபோது வலிப்பு, காய்ச்சல், சடுதியான ஞாபக மறதி ஏதும் இருந்திருந்தால், அல்லது லூபஸ் போன்ற, தன்னுடலைத் தானே தாக்கும் நோய் இருந்தால், அதை அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அது கேட்க வேண்டிய நியாயமான கேள்வி.

இரண்டாவது கேள்வி எனக்கு வலித்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் வந்தது மூளையில்தான். ஒன்றுக்குப் பரிசோதனை கண்டுபிடித்துவிட்டார்கள், மற்றதற்கு இன்னும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பரிசோதனை இல்லாதது உங்கள் மகனுடைய குற்றமா? ஒழுங்கைச் சனம் இதை வாசித்தால், இந்தக் கிழமையே ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போய் அவனோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி கூட்டும் கசாயமும் விற்றமினும் கொடுத்தால் மனநோய் வராமல் தடுக்கலாமா? (சாவகச்சேரி வாசகி)

பதில்: இல்லை அம்மா. மேலே சொன்ன மூளை அழற்சியில் எதிர்ப்புச் சக்தி குறைந்து போகவில்லை, திசைமாறிப் போயிருக்கிறது, அதைக் கூட்டி என்ன பயன்? கொத்தமல்லித் தண்ணி குடிப்பதில் பிழை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பி12 என்ற விற்றமின் குறைந்தால் மனக்குழப்பம் வரலாம், வயதானவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் அதை ஒரு தரம் இரத்தத்தில் பார்ப்பது நல்லது.

கேள்வி: அண்ணாவுக்குக் குளோசபின் தொடங்கியிருக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை இரத்தம் எடுக்கப் பஸ் ஏறிப் போவது பெரிய பாடு. போன கிழமை காய்ச்சல் வந்து ஒரே தூங்கிக்கொண்டிருந்தார். குளிசையை விட்டுவிடலாமா? (சுன்னாகம் வாசகர்)

பதில்: விடாதீர்கள் தம்பி, ஆனால் இதை வாசித்தவுடன் கிளினிக்குக்கு அறிவியுங்கள். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் இந்தக் குளோசபின் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களில் கிருமியோடு போராடும் வெண்குழியங்களை அடியோடு குறைத்துவிடும். 1975இல் பின்லாந்தில் இதனால் மரணங்கள் நடந்து மருந்து பல நாடுகளில் நிறுத்தப்பட்டது. வேறு மருந்துக்கு மசியாத நோயாளிகளுக்கு இதுதான் கேட்கிறது என்று 1988இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு அமெரிக்கா இதை அனுமதித்தது. ஆபத்துக் கூடிய காலம் முதல் 18 கிழமை, அதுவரைக்கும் அந்தப் பஸ்ஸைத் தவறவிடாதீர்கள்.

காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோலைக் கொடுத்துவிட்டு இருக்காமல் அன்றைக்கே வெண்குழியத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தூக்கத்துக்கும் காரணம் இருக்கலாம்: அழற்சி நேரத்தில் ஈரல் இந்த மருந்தை உடைப்பது குறையும், இரத்தத்தில் அளவு ஏறும். சிகரெட்டைச் சடுதியாக விட்டாலும் அப்படித்தான், விடுவது நல்லது, ஆனால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். மலச்சிக்கலையும் சும்மா விடாதீர்கள், இந்த மருந்தோடு அது உயிராபத்தாகப் போகலாம். எந்தக் காரணத்தாலும் 48 மணித்தியாலத்துக்கு மேல் குளிசை தவறினால் பழைய அளவில் திரும்பக் கொடுக்கக்கூடாது, சின்ன அளவிலிருந்து வைத்தியர்தான் மறுபடி தொடங்குவார். இரவில் அவசரமாக ஆரிடமாவது கேட்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.