நைனாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் வலி தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, நைனாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது. அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தப்பா? (குடியாத்தம்)

அவருக்கே தெரிந்திருக்கும் தம்பி. ஒரு வீட்டில், மகன் மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து அப்பா என் கையைப் பிடித்து, "பையன்கிட்ட சொல்லாதம்மா, தாங்கமாட்டான்" என்றார். மகனும் வாசலில் அதையேதான் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். "உடம்பு எப்படி இருக்குன்னு தோணுது நைனா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம்.

அம்மா ராத்திரி முழுக்க முனகுகிறார். காலையில் ஷூ கம்பெனிக்கு ஓட வேண்டும். "சீக்கிரம் முடிஞ்சிட்டா தேவலை" என்று நினைத்துவிட்டேன். நான் பாவியா? (ஆம்பூர்)

இல்லைம்மா. அம்மா படும் வேதனை முடியட்டும் என்றுதான் நினைத்தீர்கள். இந்த நினைப்பு வராத வீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த முனகலை விட்டுவிடக் கூடாது. வலியாக இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. கடும் வலிக்குத் தரும் மார்பின் என்றதும் போதைப்பழக்கம் வந்துவிடும் என்று பயந்து பாதி மாத்திரை கொடுக்கிறார்கள், எனக்கு மனசே ஆறாது. டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தி மார்பின் கிடைப்பதை எளிதாக்கினார்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அப்புறம், வாரத்தில் 2 ராத்திரியாவது அக்கா தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார், ஊட்டலாமா? (காட்பாடி)

வற்புறுத்தாதீர்கள். கடைசிக் கட்டத்தில் உடம்பு சோறு கேட்காது. ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிடுங்கள், அதுவும் பணிவிடைதான்.

துபாயில் இருக்கிறேன். போனை வைத்ததும் அழுகை வருகிறது. நைனாவிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. (வாலாஜா)

அழுங்கள் தம்பி. இருக்கும்போதே வரும் துக்கமும் துக்கம்தான். ஊரில் இருப்பவர்களுக்குத் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நைனாவிடம் நோயைப் பற்றியே பேச வேண்டாம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதே, அன்றைக்கு என்ன பார்த்தார் என்று கேளுங்கள். அவரே பேசுவார்.