நாட்டுத் தலைவரின் அறிவியல் ஆலோசகர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறிவியலுக்கென்று அமைச்சர், துறை, செயலாளர் எல்லாம் இருக்கும்போது பிரதமருக்குத் தனியாக ஓர் ஆலோசகர் எதற்கு?

பதில்: துறைச் செயலாளர் தன் துறையின் நிதிக்கும் திட்டங்களுக்கும் பொறுப்பானவர். ஆனால் அறிவியல் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை வேறு துறைகளில்தான் பிறக்கின்றன. தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது, அணையின் மதகை எப்போது திறப்பது, அலைக்கற்றையை எப்படிப் பிரிப்பது போன்றவை அவை. ஒரு துறை அனுப்பும் கோப்பை, அதில் ஆதாயம் இல்லாத ஒருவர் படித்து, ‘இந்தக் கணக்கு நிற்காது’ என்று தலைவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதவி.

இந்தியாவில் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 1999 நவம்பரில் வந்தது. முதலில் அப்துல் கலாம், 2001 முதல் 2018 வரை ஆர். சிதம்பரம், பிறகு விஜயராகவன், 2022இல் அஜய் குமார் சூட். இந்த அலுவலகம் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கிறது. ஆராய்ச்சியை வளர்ப்பது ஒன்று. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் அதிவேக இணைப்பில் கோத்த தேசிய அறிவு வலையமைப்பு இதற்கு உதாரணம். அரசின் மற்ற முடிவுகளுக்கு அறிவியல் சான்று தருவது இன்னொன்று. முதல் வேலைக்கு விழாவும் அறிவிப்பும் உண்டு. இரண்டாவது வெளியே தெரியாது. ஆனால் உயிர்கள் அதில்தான் இருக்கின்றன.

கேள்வி: திடீர் நெருக்கடி வந்தால் ஆலோசகர் முதலில் என்ன செய்வார்?

பதில்: தலைவர் கேட்கும் கேள்வியை, அறிவியல் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றுவார். அனுபவமில்லாதவர்கள் தவறவிடும் முதல் படி இது.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தபோது, பிரிட்டனின் வான்வெளி 15ஆம் தேதி மூடப்பட்டது. ‘எப்போது பறக்கலாம்?’ என்பது அரசின் கேள்வி. அதற்கு எந்த விஞ்ஞானியிடமும் நேரடிப் பதில் கிடையாது. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்த உயரத்தில் எவ்வளவு சாம்பல் இருக்கிறது? ஜெட் எஞ்சின் எவ்வளவு சாம்பலைத் தாங்கும்? முன்னதற்கு வானிலை ஆய்வாளர்கள் கணிப்பு தந்தார்கள். பின்னதற்கு எஞ்சின் தயாரிப்பாளர்கள் எண் சொல்ல வேண்டும். அப்படி ஒப்புக்கொண்ட வரம்பு அதுவரை இல்லை. சாம்பல் இருந்தால் விலகிப் போ என்பதே விதி. வரம்பு இல்லாததால் கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. கடைசியில் ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்று முடிவானது; 20ஆம் தேதி இரவு விமானங்கள் பறக்கத் தொடங்கின. அனுமதி தந்தது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, ஆலோசகர் அல்ல.

அடுத்த படி, யாரை அழைக்கவில்லை என்று பார்ப்பது. ஒரே துறையினர் கூடினால் விரைவில் ஒத்துப்போவார்கள். அந்த ஒற்றுமையை நம்பக் கூடாது. தொற்றுநோய் என்றால் நோய்ப்பரவலைக் கணக்கிடுபவர் மட்டும் போதாது. மருத்துவமனையில் படுக்கை ஒதுக்குபவரும், மக்கள் நடத்தையை ஆய்பவரும் அதே மேசையில் இருக்க வேண்டும்.

கேள்வி: தலைவருக்குத் தரும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

பதில்: இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே என்ன முடிவு தேவை, எந்த நேரத்துக்குள் என்பது வந்துவிட வேண்டும். பிறகு தெரிந்தது, அதில் எவ்வளவு உறுதி. தெரியாதது, அதை அறிய எத்தனை நாள் பிடிக்கும். அதன்பின் குறைந்தது மூன்று வழிகள். ஒவ்வொன்றிலும் நம் கணிப்பு தவறினால் என்ன இழப்பு என்பதையும் எழுத வேண்டும். எந்தப் புதிய தகவல் வந்தால் இந்த ஆலோசனை மாறும் என்பது கடைசி வரி. இந்த வரி இல்லாத குறிப்பு, மூன்று வாரம் கழித்து ஆலோசனை மாறும்போது ‘பல்டி’ என்று பெயர் வாங்கும்.

உறுதியின் அளவை வெறும் சொல்லில் விடக் கூடாது. ‘வாய்ப்பு உண்டு’ என்பதை ஒருவர் 20 சதவீதமாகவும் இன்னொருவர் 70 ஆகவும் எடுத்துக்கொள்வார்கள். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி. இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: ‘வாய்ப்பு அதிகம்’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வாய்ப்பு மிக அதிகம்’ என்றால் 90க்கு மேல், ‘ஏறக்குறைய நிச்சயம்’ என்றால் 99க்கு மேல்.

எச்சரிக்கை முடிவிலிருந்து பிரிந்துபோவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, மாடுகளின் மூளையைச் சிதைக்கும் பி.எஸ்.ஈ. நோயே சாட்சி. 1989இல் பிரிட்டன் அரசின் நிபுணர் குழு, மனிதரைப் பாதிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது. எங்கள் மதிப்பீடு தவறானால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் அதே அறிக்கையில் எழுதியது. முதல் வாக்கியம்தான் ஊரெல்லாம் போனது. 1990இல் வேளாண் அமைச்சர், கேமராக்கள் முன்னால் தன் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்ட முயன்றார். 1996 மார்ச்சில், மனிதருக்குப் பரவியிருக்கக்கூடும் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை விட்டுப் பிரியாதபடி எழுதுவது ஆலோசகரின் கடமை.

கேள்வி: ஆலோசனை தலைவருக்குப் பிடிக்காவிட்டால்?

பதில்: பதவியே போகலாம். சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த அடுத்த மாதமே, 1957 நவம்பரில், அமெரிக்க அதிபர் ஐசனாவர் ஜேம்ஸ் கில்லியனைத் தனக்கு அறிவியல் ஆலோசகராக்கினார். அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் வலுப்பெற்றது. பின்னாளில் நிக்சன் விரும்பிய ஒலியை மிஞ்சும் வேகப் பயணிகள் விமானத்தைக் குழு உறுப்பினர் ரிச்சர்ட் கார்வின் நாடாளுமன்றக் குழு முன் எதிர்த்துப் பேசினார். திட்டத்துக்கான நிதி 1971இல் நின்றது. 1973இல் நிக்சன் அந்தக் குழுவையும் ஆலோசகர் அலுவலகத்தையும் கலைத்தார். 1976இல் சட்டம் இயற்றித்தான் அலுவலகத்தை மீட்டார்கள். சட்டம் இருந்தும் தலைவர் ஆளை நியமிக்காமல் இருக்கலாம். 2017 முதல் 2019 தொடக்கம் வரை அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

மறுப்பை முதலில் தனியாக, எழுத்தில், தேதியிட்டுத் தர வேண்டும். முடிவு தலைவருடையது, செலவையும் அரசியலையும் சுமப்பவர் அவர். சான்று சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அறிவிக்கச் சொன்னால் மட்டும் விலகிவிட வேண்டும். அதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

கேள்வி: ஆலோசனை தவறினால் விஞ்ஞானி சிறைக்குப் போவாரா?

பதில்: இத்தாலியில் அந்த நிலை வந்தது. லாக்விலாவில் 2009 ஏப்ரல் 6 அன்று வந்த நிலநடுக்கத்தில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தொடர்ந்த சிறு அதிர்வுகளை ஆராய ஒரு வாரத்துக்கு முன் கூடிய குழுவின் ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012இல் ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2014இல் விஞ்ஞானிகள் விடுதலையானார்கள். அதிகாரிக்குத் தண்டனை குறைந்தது. சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறுவது நல்லதுதான் என்று தொலைக்காட்சியில் ஆறுதல் சொன்னவர் அவர். கூட்டத்தில் பேசியதையும் மக்களிடம் சொல்வதையும் ஒருவரே எழுதி, விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட பிறகே வெளியிட வேண்டும் என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை.

கேள்வி: மாணவர் ஒருவர் இந்தத் திசையில் போக என்ன படிக்கலாம்?

பதில்: ஏதாவது ஓர் அறிவியலில் ஆழமாக, முனைவர் பட்டம் வரை. கூடவே புள்ளியியல். பிறகு ஓராண்டாவது அரசு அலுவலகத்தில் வேலை செய்து, ஒரு கோப்பு எந்த மேசையில் ஏன் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, மேலே சொன்ன இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி, அறிவியல் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். படித்து முடித்ததும் எந்த வழியை எடுப்பார், ஏன் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் குறிப்பைத் திருத்துங்கள்.